இறங்காத இரண்டு விரல்கள்

புதுச்சேரியில் மீன் பிடித்துப் பிழைக்கிறவனுக்குத் தூண்டில் கோலும் வேண்டாம், அதற்குக் கைப்பிடியும் வேண்டாம். வலை போடுகிறவன் வலை போடுவான். கயிற்றுத் தூண்டில்காரன் கயிற்றை விரலில் சுற்றிக்கொள்வான். கோலில் சக்கரம் மாட்டி, தொப்பி போட்டுக்கொண்டு ஆற்றங்கரையில் உட்கார்ந்து மீன் பிடிக்கிறவர்கள் எல்லாம் மீனை வாங்கித் தின்ன வசதி உள்ளவர்கள்தான். ஊரில் மிச்சமிருந்த வெள்ளைக்காரர்கள், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்கும் நம் ஆட்கள், வக்கீல்கள், டாக்டர்கள். அவர்களுக்குக் கைப்பிடி செய்து கொடுத்துத்தான் நான் சோறு தின்றேன். குப்பத்து ஆட்கள் என் பட்டறையைத் தாண்டும்போது, "இன்னா மேஸ்திரி, மீனுக்குக் கடுதாசி போட்டாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். எனக்கு எதற்கெடுத்தாலும் கோபம் வரும், அது வேறு விஷயம்.

அதற்கு முன்னால் மில்லில் மரப்பிரிவில் நூல் சுற்றும் பாபின் கடைந்துகொண்டிருந்தேன். சூப்பர்வைசரோடு வாய்த்தகராறு வந்து, நானாக வேலையை விட்டேனா, அவர்கள் விரட்டினார்களா என்பது இன்றைக்கும் எனக்கே தெளிவில்லை. பிரெஞ்சுக் கொடி இறங்கி மூன்று நான்கு வருஷம் ஆகியிருந்த சமயம் அது. முத்தியால்பேட்டைச் சந்து ஒன்றில் அறை பிடித்துக் கடைசல் எந்திரம் போட்டேன். கட்டில் கால், தொட்டில் கம்பு என்று ஏதோ ஓடியது. ஒருநாள் பென்ஷன்காரர் ஒருவர் கைப்பிடி பொடிந்துபோன தூண்டில் கோலைக் கொண்டுவந்து, "இத சரி பண்ண முடியுமாப்பா?" என்று கேட்டார். முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. அப்படித்தான் ஆரம்பித்தது.

பழைய கைப்பிடி தக்கையில் செய்தது. தக்கைக்கு எங்கே போவது என்று நான் கவலைப்படவில்லை. ஒயின் குடித்த ஊரில் தக்கைக்கா பஞ்சம்? பழைய ஆட்கள் அதைப் புஷோன் என்பார்கள். பாட்டில் வியாபாரியிடம் சொல்லி வைத்தால் வாரத்துக்கு ஒரு பை வரும். சாதாரண ஒயின் தக்கை கைப்பிடிக்கு ஒல்லி. ஷாம்பேன் தக்கைதான் வேண்டும். பாட்டில் கழுத்தில் நசுங்கிக் காளான் போல ஆகியிருக்கும் அதை, கொதிக்கிற தண்ணீரில் போட்டு வைத்தால் ஊதிப் பழைய தடிமனுக்கு வந்துவிடும். வட்டு வட்டாக நறுக்கி, நடுவில் துளை போட்டு, கம்பியில் கோத்து, ஸ்பிரிட்டில் ஊறிய அரக்கைத் தடவி, இரண்டு பக்கமும் திருகு வைத்து இறுக்க வேண்டும். காய்ந்தபிறகு எந்திரத்தில் மாட்டி உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். உளி வைத்தால் தக்கை பிய்ந்துவிடும். மேலும் கீழும் பூவரசு மரத்தில் பூண் கடைந்து வைத்தால் கைப்பிடி ஆயிற்று.

ஆனால் ஆட்கள் என்னைத் தேடி வந்தது தக்கைக்காக இல்லை, அளவுக்காக. கையை அளக்க நாடா உதவாது. நான் ஒரு குச்சியில் பானை செய்கிற களிமண்ணை அப்பி, மேலே ஈரத்துணி சுற்றிக் கொடுத்துப் பிடிக்கச் சொல்வேன். குச்சியின் நுனியில் ஒரு கயிறு கட்டியிருக்கும். அவர்கள் ஏதாவது பேசிக்கொண்டு அசந்திருக்கும்போது வெடுக்கென்று கயிற்றை இழுப்பேன். மீன் இழுத்தால் தன் கை எப்படி இறுகும் என்பது யாருக்கும் தெரியாது. களிமண் காட்டிவிடும். எத்தனையோ கைகளைப் பார்த்துவிட்டேன். எல்லாவற்றிலும் மோதிர விரலும் சுண்டு விரலும்தான் ஆழமாக இறங்கியிருக்கும். அழுத்திப் பிடிக்கிற வேலை முழுக்க அந்தக் கடைசி இரண்டு விரல்களுடையது. மற்றவை கூடமாட ஒத்தாசைதான்.

என் மனைவியும் மில்லில் இருந்தவள், நூல் சுற்றும் பிரிவில். மெஷின் இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகியதால் வீட்டிலும் அதே குரல்தான். எங்கள் வீட்டில் ரகசியம் என்று எதுவும் கிடையாது. அவள் என்னிடம் கேட்கும் கேள்விக்குத் தெருமுனை சோடாக் கடைக்காரர் பதில் சொல்வார். அவளுக்குக் கழுத்தில் கட்டி வந்தது. முதலில் நெல்லிக்காய் அளவு இருந்தது, பிறகு வளர்ந்து, படுத்தால் மூச்சுத் திணறும் அளவுக்கு வந்துவிட்டது. ஊரில் பன்னிரண்டு கட்டில் போட்ட சின்ன ஆஸ்பத்திரி ஒன்று அப்போது இருந்தது, இப்போது இல்லை. அங்கே இருந்த பெரிய டாக்டரைத்தான் எல்லோரும் சொன்னார்கள். கைராசிக்காரர், அவர் தொட்டால் பிழைத்துக்கொள்ளும் என்பார்கள். என் மச்சினிக்கு வயிற்றில் கத்தி வைத்துப் பிழைக்க வைத்தவரும் அவர்தான்.

அவர் நம் ஊர்க்காரர்தான், பிரெஞ்சில் படித்தவர், அதனால் ஐயா என்பதற்குப் பதில் முசியே என்றுதான் கூப்பிடுவோம். மனைவியின் கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "கட்டிக்குப் பின்னால நூல் மாதிரி ஒரு நரம்பு ஓடுது. அதுல கத்தி பட்டா கொரல் போயிடும். ரத்தக் கொழாயும் பக்கத்துலயே இருக்குது. ஆனா அறுத்துத்தான் ஆவணும். பயப்படாத, நான் நெறைய பண்ணியிருக்கேன்" என்றார். மூன்று வாரம் தள்ளி ஒரு நாளைக் குறித்தார். பிறகு என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டார். சொன்னேன். முகம் மலர்ந்துபோய், "நீதானா அந்தக் கைப்பிடிக்காரன்! ஞாயித்துக்கிழமை வரேன், எனக்கு ஒண்ணு பண்ணிக் குடு. இப்ப இருக்கறது புடிச்சா கை நோவுது" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. என் பெண்டாட்டியைப் பிழைக்க வைக்கப் போகிறவருக்கு நான் ஒரு பொருள் செய்து கொடுக்கப் போகிறேன் என்று சோடாக் கடை வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

சொன்னபடி தன் கோலையும் எடுத்துக்கொண்டு வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்து, போன வருஷம் அரியாங்குப்பம் ஆற்றில் தப்பிப்போன ஒரு கொடுவா மீனைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வலது கையால் களிமண்ணைப் பிடித்தார். நான் கயிற்றை இழுத்தேன். குச்சி அவர் கையை விட்டு வந்துவிட்டது.

அப்படி யாருக்கும் வந்ததில்லை. அவர் சிரித்துவிட்டு, "இன்னொரு தடவ இழு" என்றார். இரண்டாவது தடவை மணிக்கட்டை மடக்கிப் பிடித்துக்கொண்டார், குச்சி நின்றது. அவர் போனபிறகு துணியைப் பிரித்துப் பார்த்தேன். கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரல் மூன்றும் ஆழமாக இறங்கியிருந்தன. மோதிர விரலும் சுண்டு விரலும் இருக்க வேண்டிய இடத்தில் துணியின் நெசவுத் தடம் மட்டும் லேசாகப் பதிந்திருந்தது. அந்த இரண்டு விரல்களிலும் பலம் இல்லை.

அன்றைக்கே நான் எல்லோரிடமும் களிமண்ணைக் கொடுத்துப் பிடிக்கச் சொல்லிப் பார்க்க ஆரம்பித்தேன். என் கை, சோடாக் கடைக்காரர் கை, பாட்டில் வியாபாரி கை. ஒவ்வொரு களிமண்ணையும் ஜன்னல் விளிம்பில் வரிசையாக வைத்தேன். பாட்டில் வியாபாரிக்கு வயது அறுபதைத் தாண்டியிருக்கும், அவருக்குக்கூடக் கடைசி இரண்டு விரல்களும் புதைந்து போயிருந்தன. சோறு கொண்டுவந்த மனைவி வரிசையைப் பார்த்துவிட்டு, "இன்னாய்யா இது, கொழுக்கட்டை புடிச்சி வெச்சிருக்க?" என்றாள். அவளையும் பிடிக்கச் சொன்னேன். இழுத்த வேகத்தில் கயிறு என் கையை அறுத்ததே தவிர அவள் விடவில்லை. "இம்மாம் பலம் இருக்கற எனக்குப் போயி சீக்குன்னு சொல்றியே" என்று சிரித்தாள். கழுத்துக் கட்டி சிரிப்போடு சேர்ந்து ஏறி இறங்கியது. நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று இப்போது யாரும் சுலபமாகச் சொல்லிவிடலாம். அன்று என் நிலைமை வேறு. களிமண்ணைக் காட்டி ஒரு டாக்டரின் பேரைக் கெடுக்க நான் யார்? பாபின் கடைந்தவன். கத்தி பிடிக்க மூன்று விரல் போதுமோ என்னவோ, எனக்கு என்ன தெரியும்? எனக்குத் தெரிந்ததெல்லாம் உளி பிடிப்பதுதான். கடைசி இரண்டு விரல் நிற்காவிட்டால் உளியின் நுனி நிற்காது. அது மரம், போனால் போகிறது என்று தூக்கிப் போட்டுவிட்டு வேறு துண்டு எடுக்கலாம்.

ஒரு பொய் சொல்லி அவரை மறுபடி வரவழைத்தேன். களிமண் காய்ந்து வெடித்துவிட்டது, இன்னொரு அளவு வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். பாவம், வேலைக்கு நடுவில் வந்தார். முன்பு பார்த்த அதே மூன்று பள்ளங்கள்தான் விழுந்தன. அதன் பிறகு நான் அவரையே கவனிக்கத் தொடங்கிவிட்டேன். மனைவியை மருந்துக்கு அழைத்துப் போகும்போதெல்லாம் பார்ப்பேன். காப்பிக் கோப்பையை இரண்டு கையாலும் எடுத்தார். பேனா மூடியைப் பல்லால் திறந்தார். ஒருநாள் அவர் சீட்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது சுண்டு விரல் மட்டும் மடங்காமல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்ததில் அவர் சொன்ன மாத்திரை வேளை ஒன்றும் என் காதில் ஏறவில்லை.

மனைவியிடம் மெதுவாக ஆரம்பித்தேன். "மதராஸுக்குப் போலாமா? அங்க பெரிய பெரிய டாக்டருங்க இருக்காங்களாம்."

"ஒனக்கு இன்னா பைத்தியமா?" என்றாள். "ஊரே அவருகிட்ட வருது. நான் மதராஸுக்குப் போயி எவன் கையிலயோ கழுத்தக் குடுக்கணுமா?"

"இங்கயே சின்ன டாக்டரு ஒருத்தரு இருக்காரே. புதுசாப் படிச்சவரு."

"அது மீசையே மொளைக்காத பையன்யா. என் கழுத்துலதான் பழகணுமா அவன்? எனக்குப் பெரியவருதான் பண்ணணும்."

இதைச் சந்து முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். மறுநாள் சோடாக் கடைக்காரர் என்னைக் கூப்பிட்டு, பெரியவர் கையை விட்டுவிடாதே என்று புத்தி சொன்னார். கடைக்காரர் மேல் எனக்கு வந்த கோபத்தில் இரண்டு நாள் அந்தப் பக்கம் போகவில்லை.

கைப்பிடியை மட்டும் செய்துகொண்டிருந்தேன். வேறு எதிலும் கை ஓடவில்லை. வழக்கமாகக் கடைசி இரண்டு விரல் வரும் இடத்தில் கைப்பிடியைக் குறுக்குவேன், அப்போதுதான் விரல் சுற்றிப் பிடிக்கும். இந்தக் கை சுற்றிப் பிடிக்காது. விரல் தக்கையிடம் வராவிட்டால் தக்கைதான் விரலிடம் போக வேண்டும். அதனால் அந்த இடத்தில் பெரிய வட்டுகளாகக் கோத்து மேடு வைத்தேன். தேய்க்கத் தேய்க்கத் தக்கைத் தூள் மூக்கில் ஏறித் தும்மல் வந்தது. மேட்டை எவ்வளவு சரியாகச் செய்கிறேனோ அவ்வளவுக்கு அந்த விரல்கள் செத்துவிட்டன என்று நானே எழுதிக் கொடுப்பதாகப் பட்டது. ஒரு தடவை மேட்டைத் தேய்த்து எடுத்துவிட்டு எல்லோருக்கும் செய்வது போலவே செய்து கொடுத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். கை வரவில்லை. பயந்தவனாக இருந்தாலும் வேலையில் பொய் செய்ய எனக்குத் தெரியாது.

ஆபரேஷனுக்கு இரண்டு நாள் முன்னால் மனைவியை ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. மறுநாள் காலை கைப்பிடி மாட்டிய கோலைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு டாக்டர் அறைக்குப் போனேன். அவர் தனியாக இருந்தார். துணியைப் பிரித்துக் கையில் வாங்கினார். பிடித்தார். கண்ணை மூடிக்கொண்டு லேசாக ஆட்டிப் பார்த்தார்.

"நோவல" என்றார். "எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம் நோவல." பிறகு கண்ணைத் திறந்து கைப்பிடியைத் திருப்பிப் பார்த்தார். மேட்டின் மேல் கட்டை விரலை வைத்தார். "இங்க ஏன் இவ்ளோ ஒசத்தி வெச்ச?"

இதோ கேட்டுவிட்டார்.

"அந்த ரெண்டு வெரலும் எறங்கல முசியே. ரெண்டு தடவையும் எறங்கல."

அவர் கோலை மேஜையின் மேல் வைத்தார். அறைக் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து உட்கார்ந்தபோது முகத்தில் கோபமே இல்லை, அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"எப்பலேருந்து தெரியும்?"

"மொத தடவ வந்தீங்களே, அன்னிலேருந்து."

"அப்ப ஏன்டா ஒன் பொண்டாட்டியக் கொண்டாந்து இங்க படுக்க வெச்சிருக்க?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த மனுஷர் முன்னால் நான் அழுதது இன்றைக்கும் எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. "அவ ஒங்க கையத்தான் நம்பறா முசியே, வேற யாருகிட்டயும் போவமாட்டேங்குறா" என்று சொன்னதாக ஞாபகம்.

அவர் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு மெதுவாகப் பேசினார். "கழுத்து வேணாம். சின்னவரு பண்ணட்டும். நல்லாப் பண்ணுவாரு, நான் பக்கத்துலயே நின்னு சொல்றேன். அவகிட்ட நானே சொல்லிக்கறேன்." எழுந்து கதவைத் திறக்கப் போனவர் நின்றார். "இது நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும். வெளிய பேசாத."

"சத்தியமா பேசமாட்டேன்" என்றேன். அந்த நேரத்தில் அவர் எதைக் கேட்டிருந்தாலும் சத்தியம் செய்திருப்பேன்.

மனைவியிடம் என்ன சொன்னாரோ, அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். "ஏழைன்னா சின்னவருதான்" என்று என்னிடம் முணுமுணுத்தாள். ஆபரேஷன் அன்று காலையில் அவளை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். நான் வராந்தாவில் நின்றேன். உட்கார்ந்தால் கெட்டது நடந்துவிடும் என்று ஒரு எண்ணம், அதனால் நின்றுகொண்டே இருந்தேன். மத்தியானம் பெரியவர்தான் முதலில் வெளியே வந்தார். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போனார். ஒரு நாள் அவள் வாயைத் திறக்கக் கூடாது என்று நர்ஸ் சொன்னாள். அந்த ஒரு நாளும் நான் அவள் கழுத்தில் சுற்றியிருந்த பாண்டேஜையே பார்த்துக்கொண்டிருந்தேன். குரல் இருக்கிறதா போய்விட்டதா என்று யாரும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தைரியம் இல்லை.

மறுநாள் காலை அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். "பட்டறையப் பூட்டிட்டுத்தான வந்த?" என்றாள். கரகரவென்றுதான் இருந்தது, ஆனால் அவள் குரல்தான், அவள் அதட்டல்தான். நான் சத்தம் போட்டு அழுதேன். நர்ஸ் வந்து என்னை வெளியே போகச் சொன்னாள்.

இத்தோடு நிறுத்தினால் நல்ல கதைதான். இத்தனை வருஷமாக நான் சொந்தக்காரர்களிடம் இத்தோடுதான் நிறுத்தி வருகிறேன், அதுவும் களிமண்ணைச் சொல்லாமல். டாக்டர் அதற்குப் பிறகு சீக்கிரமே கத்தி பிடிப்பதை விட்டுவிட்டார் என்று கேள்விப்பட்டேன். எந்த மாதம், அதற்குள் இன்னும் எத்தனை பேருக்குக் கத்தி வைத்தார் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டிருக்கலாம். நான் விசாரிக்கவில்லை.

நாங்கள் வீட்டுக்குக் கிளம்பிய அன்று காலை, பக்கத்துக் கட்டிலில் பாகூர்ப் பக்கத்து அம்மாள் ஒருத்தி இருந்தாள். வயிற்றில் கட்டி. மறுநாள் ஆபரேஷன். அவள் புருஷன், வயல்காரர், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கட்டில் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். அவள் என் மனைவியின் கழுத்தைப் பார்த்து ஏதேதோ கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒங்களுக்கு யாரு பண்றது?" என்று என் மனைவி கேட்டாள்.

"பெரிய டாக்டரேதான் பண்றாராம்."

"குடுத்து வெச்சவங்க நீங்க" என்றாள் என் மனைவி. "எனக்குத்தான் கெடைக்கல."

நான் துணிமூட்டையைக் கட்டிக்கொண்டிருந்தேன். வயிறுதானே, கழுத்து மட்டும்தானே வேண்டாம் என்றார், வயிறு என்றால் முடியும் என்று அவருக்குத் தெரியாதா என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டே முடிச்சை இறுக்கினேன். அந்த வயல்காரர் என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நீங்க உள்ளூருக்காரரு. ஒங்களுக்குத் தெரியும். கைராசிக்காரருன்னு சொல்றாங்களே, நெசந்தானுங்களா?"

என் மனைவி கட்டிலை விட்டு இறங்கி நின்றுவிட்டாள். வாசலில் ரிக்‌ஷா காத்துக்கொண்டிருந்தது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாங்க" என்றேன். "நல்ல கை."

அவர் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, இரண்டு கையையும் சேர்த்து என்னைக் கும்பிட்டார்.